கடலை எண்ணெய் ஏன் பாமாயில் விலைக்கு இறங்குவதில்லை? மேச்சேரி உழவர் ஒருவரின் மூன்று கேள்விகளுக்கு விரிவான பதில்

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கம் மூன்று ஏக்கரில் நிலக்கடலை பயிரிடும் ஒருவர் கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கடலை நம் ஊரிலேயே விளைகிறது, செக்கும் நம் ஊரிலேயே ஓடுகிறது. அப்படியிருக்க, கடல் கடந்து வரும் பாமாயிலைவிடக் கடலை எண்ணெய் ஏன் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை விற்கிறது என்பது முதல் கேள்வி. மத்திய அரசு இறக்குமதி வரியை உயர்த்தினால் கடலைக்கு நல்ல விலை கிடைக்குமா என்பது இரண்டாவது. மண்டிக்குக் காய் போடுவதை விட்டுவிட்டு மகனுக்கு ஒரு மரச்செக்கு வைத்துக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். சேலம் செவ்வாய்பேட்டை மண்டியில் பல ஆண்டுகள் எண்ணெய் வித்துக் கணக்கு எழுதியவன் என்ற முறையில், சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

விலையின் வேர் நிலத்தில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். இறவையில் நல்ல ரகத்தை விதைத்து, ஜிப்சம் இட்டு மண் அணைத்து, களையைக் காலத்தில் எடுத்தால் ஏக்கருக்கு ஒரு டன் காய் எதிர்பார்க்கலாம். மானாவாரி என்றால் மழையின் தயவு. பாதி வந்தாலே நல்ல ஆண்டு. ஒரு டன் காயை உடைத்தால் 700 கிலோ பருப்பு தேறும். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்பது செக்குக்காரர்களின் வாய்க்கணக்கு. அது ஆய்வகக் கணக்கிலிருந்து அதிகம் விலகுவதில்லை. ஆக, நன்றாக விளைந்த ஓர் ஏக்கர் கடலை 280 லிட்டர் எண்ணெய் தருகிறது. பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையோ, நன்கு பராமரித்தால், எக்டேருக்கு ஏறத்தாழ 4 டன், அதாவது ஏக்கருக்கு 1,700 லிட்டருக்கும் மேல் தருகிறது. கடலை வயலை நான்கு மாதம் பிடித்துக்கொள்கிறது, பனை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் எடுத்து, ஆண்டுக்கு இரண்டு போகம் கடலை என்றே வைத்தாலும் மூன்று மடங்கு வித்தியாசம் நிற்கிறது. இந்த இடைவெளியை மானியமோ, விளம்பரமோ, ஊர்ப் பற்றோ அடைத்துவிட முடியாது.

இதோடு கூலியையும் சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு என்பதே பெரிய முதலீடு. அடுத்து களையெடுப்பு, செடி பிடுங்குதல், காய் ஆய்தல். காய் ஆய ஆள் கிடைக்காமல் பிடுங்கிய செடி இரண்டு நாள் களத்தில் கிடந்து, ஒரு சாரல் மழை விழுந்தால், காயில் பூஞ்சணம் ஏறி விலை போய்விடும். சேலம் மாவட்டத்தில் கடலை நிலம் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறியதற்கு விலையைவிட இந்த ஆள் பற்றாக்குறையே பெரிய காரணம் என்பது என் எண்ணம். மக்காச்சோளத்துக்கு நாமக்கல் கோழிப்பண்ணைகள் ஆண்டு முழுவதும் காத்திருக்கின்றன. மரவள்ளிக்கு ஆத்தூர், சேலம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதற்கும் பார்த்தால், 1990களின் தொடக்கத்தில் கடலை நின்ற பரப்பில் பாதிகூட இன்று இல்லை.

இனி ஒரு லிட்டரின் கணக்கு. விலைகள் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் புரிவதற்காக முழு எண்களாகவே வைக்கிறேன். பருப்பு கிலோ 100 ரூபாய் என்றால் இரண்டரைக் கிலோவுக்கு 250 ரூபாய் ஆகிறது. எண்ணெய் போக ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு மிஞ்சும். அது கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்பி வரும். எண்ணெயின் சரக்கு விலை 190. ஆட்டும் கூலி, மின்சாரம், பாட்டில், அடியில் தங்கும் கசண்டில் போகும் சேதாரம் எல்லாம் சேர்த்து 25 ரூபாய் என்றால் 215. அதற்கு மேல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., கடைக்காரரின் லாபம். 250 ரூபாய்க்குக் குறைத்து விற்றால் செக்குக்காரர் கைக்காசைப் போட்டு நடத்துகிறார் என்று பொருள். அல்லது பாட்டிலில் இருப்பது முழுக்கக் கடலை எண்ணெய் அல்ல என்று பொருள். தெருவில் வண்டி போட்டு ‘செக்கு எண்ணெய்’ என்று மலிவாகக் கூவி விற்பவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத வரி புண்ணாக்கு. எண்ணெய் வித்து என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, எடையில் பார்த்தால் எண்ணெயைவிட மற்றதே அதிகம். கடலையில் பாதிக்கும் மேல் புண்ணாக்கு. சோயாவில் நூறு கிலோவுக்கு 18 முதல் 20 கிலோதான் எண்ணெய், மீதி ஏறக்குறைய எல்லாம் தீவனத்துக்குப் போகும் சோயாப் புண்ணாக்கு. ஆகவே வித்தின் விலையை அடுப்படி மட்டும் தீர்மானிப்பதில்லை. மாட்டுத் தொழுவமும் கோழிப்பண்ணையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன கணக்கில் புண்ணாக்கு 40 ரூபாயிலிருந்து 30 ரூபாய்க்கு இறங்கினால், லிட்டருக்கு 15 ரூபாயை எண்ணெய் சுமக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறாவிட்டால் அந்த 15 ரூபாய் பருப்பு விலையில் பிடிபடும். பிடிபடுவது உழவர் கையில்தான்.

மண்டியில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். காய் மூட்டை வந்து இறங்கியதும் தரகர் அடிமூட்டையிலும் நடுமூட்டையிலும் கைவிட்டு ஒரு படி காயை அள்ளுவார். அதை உடைத்துப் பருப்பைத் தனியே நிறுத்து, இத்தனை காய்க்கு இத்தனை பருப்பு என்று உடைப்பு பார்ப்பார். ஒரு பருப்பை நகத்தால் கீறி ஈரம் பார்ப்பார், மற்றொன்றைக் கடித்துக் காறல் பார்ப்பார். இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் விலையில் உங்கள் காயின் தரம் இருக்கிறது, ஆனால் அடிப்படை விலை அங்கே பிறப்பதில்லை. அன்று குஜராத் கடலை என்ன விலை, ஆந்திராவிலிருந்து எத்தனை லாரி வருகிறது, சென்னைத் துறைமுகத்தில் பாமாயில் என்ன விலை என்று காலையிலேயே கைப்பேசியில் பேசி முடித்துவிட்டுத்தான் அவர் மூட்டையில் கை வைக்கிறார்.

பாமாயிலுக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கடலை எண்ணெய்தான் வேண்டும் என்று நிற்கும் வீடுகள் இருக்கின்றன; அவற்றால்தான் கடலை எண்ணெய் தனி விலையோடு பிழைத்திருக்கிறது. ஆனால் ஓரத்தில் நிற்பவர்கள் எப்போதும் உண்டு. லிட்டருக்கு முப்பது ரூபாய் ஏறினால் சூரியகாந்திக்குப் போவார்கள். சூரியகாந்தியும் ஏறினால் பாமாயிலுக்குப் போவார்கள். ஓட்டல்காரர் ஒரே நாளில் மாறிவிடுவார். இப்படி ஒவ்வொரு எண்ணெயும் அடுத்த எண்ணெயின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், வரிசையின் கடைசியில் மலிவாக நிற்கும் பாமாயில் அசைந்தால் முன்னால் நிற்பவை எல்லாம் அசைகின்றன. கடலை கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாக அசையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாமாயில் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: இந்தோனேசியா, மலேசியா. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்த இரண்டு நாடுகளில்தான். சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனிலிருந்தும் வருகின்றன. எண்ணெய்த் தொழிலில் ஆண்டு என்பது நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். அந்தக் கணக்கில் 2022-23இல் இந்தியா ஏறத்தாழ 165 லட்சம் டன் சமையல் எண்ணெயை இறக்குமதி செய்தது. நாட்டின் தேவையில் 57 விழுக்காடு அது என்று மத்திய அரசு சொன்னது. அதாவது தாளிக்கும் ஐந்து கரண்டியில் ஏறக்குறைய மூன்று கரண்டி கப்பலில் வந்தது.

இப்படிச் சார்ந்திருப்பதன் ஆபத்தை 2022 காட்டிக் கொடுத்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் மக்களுக்கே விலை தாங்கவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை மே 23இல் நீங்கிவிட்டது. நான்கு வாரம்கூட இல்லை. அதற்குள் சேலம் லீ பஜாரில் மொத்த வியாபாரிகள் நேற்றைய விலைக்கு இன்று சரக்கு தர மறுத்தார்கள். இந்தோனேசியா இப்போது தன் டீசலில் பாமாயிலைக் கலக்கும் அளவையும் கூட்டிக்கொண்டே போகிறது. 2023இல் 35 விழுக்காடு, 2025இல் 40 விழுக்காடு. அந்த நாட்டு லாரிக்கும் நம் வாணலிக்கும் இடையே போட்டி வந்துவிட்டது. மலிவான பாமாயில் என்றென்றும் மலிவாகவே இருக்கும் என்று நம்பிப் போடும் திட்டம் எதையும் நான் நம்பமாட்டேன்.

நாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1986இல் ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துக்களுக்கென ஒரு தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல விதை, ஆதரவு விலை, இறக்குமதிக் கட்டுப்பாடு மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்ததால், 1990களின் தொடக்கத்தில் நாட்டின் தேவையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் உள்நாட்டிலேயே விளைந்தது. மஞ்சள் புரட்சி என்று அதற்குப் பெயர். பிறகு 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. தொடக்கத்தில் 65 விழுக்காடாக இருந்த வரி 1998இல் 15 விழுக்காடாக இறங்கியது. கதவு திறந்ததை மட்டும் குறை சொல்வது முழு நியாயம் ஆகாது. அந்தக் காலத்தில் எண்ணெய் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்ததும், ரேஷனில் பாமாயிலுக்கு வரிசை நின்றதும் உண்மை. தன்னிறைவு என்று நாம் பெருமைப்பட்டதில் ஒரு பங்கு, ஏழைகள் எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டதால் வந்தது.

உலக வணிக ஒப்பந்தத்தில் பாமாயிலுக்கு 300 விழுக்காடு வரை வரி போட இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. சோயா எண்ணெய்க்கோ உச்சவரம்பு 45 விழுக்காடுதான். பாமாயிலுக்கு மட்டும் பெரிய வரி போட்டால் சோயா எண்ணெய் உள்ளே பாயும். ஆகவே பெயருக்கு இருக்கும் 300 விழுக்காட்டு ஆயுதத்தை முழுதாக எடுத்து வீச முடியாது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வரியை உயர்த்தினால் கடலை விலை ஏறுமா? ஏறலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கும் அல்ல, நினைக்கும் நேரத்திலும் அல்ல. 2024 செப்டம்பர் 14 முதல் சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 விழுக்காடாக அரசு உயர்த்தியது. உழவரைக் காக்கவே என்று சொல்லப்பட்டது. எண்ணெய் விலை உடனே ஏறியது. சேலத்துக் கடைகளில் பாக்கெட்டின் விலைச் சீட்டு ஒரே வாரத்தில் மாறியது. ஆனால் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் அந்த ஆண்டு சோயா உழவர்கள் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்ற ஆதரவு விலையைவிடக் குறைவாகவே விற்க நேர்ந்தது. காரணம், மேலே சொன்ன புண்ணாக்கு. மக்காச்சோளத்திலும் அரிசியிலும் எத்தனால் வடிக்கும் ஆலைகள் பெருகியதால், வடித்த பின் மிஞ்சும் புரதச் சக்கை மலிவுத் தீவனமாகச் சந்தையில் வந்து குவிந்தது. கோழிப்பண்ணைகள் சோயாப் புண்ணாக்கின் அளவைக் குறைத்துக்கொண்டன. எண்ணெய்ப் பக்கம் ஏறியதைப் புண்ணாக்குப் பக்கம் தின்றுவிட்டது. நாமக்கல்லின் தீவனக் கலவையில் நடந்த மாற்றம் இந்தூர் சோயா வயலைத் தொட்டது என்றால் மிகையில்லை; கடலைப் புண்ணாக்கும் அதே தொட்டியில்தான் போட்டி போடுகிறது.

நேரம் இன்னொரு சிக்கல். மேச்சேரியில் ஆனி, ஆடியில் விதைத்தவர் வரி உயரும் என்று தெரிந்து விதைக்கவில்லை. அவர் அறுத்து முடித்து, அடுத்த பட்டத்துக்கு நிலத்தை உழுதபோது, 2025 மே இறுதியில் அதே அரசு அந்த வரியை 16.5 விழுக்காடாகக் குறைத்தது. 2018இல் 44 விழுக்காடு வரை போன சுத்திகரிக்காத பாமாயிலின் வரி, 2021 அக்டோபரில் அடிப்படை வரியே இல்லாத நிலைக்கு வந்து, மூன்று ஆண்டு கழித்து ஏறி, எட்டே மாதத்தில் மீண்டும் இறங்கியது. விலைவாசி பேசப்படும் மாதங்களில் வரி இறங்குவதும், உழவர் குரல் கேட்கும் மாதங்களில் ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. இறக்குமதியாளர் கப்பலை நடுக்கடலில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். விதைத்த கடலையைத் திருப்ப முடியாது. உயர்ந்த வரியைவிட, ஐந்து ஆண்டுக்கு மாறாத நடுத்தர வரி உழவருக்கு நல்லது என்று நான் கருதுகிறேன். வரியை உலக விலையோடு கட்டிவிடலாம்: வெளிநாட்டு விலை சரிந்தால் வரி தானே கூடட்டும், ஏறினால் தானே குறையட்டும். இதைப் பல பொருளியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள்.

2025 மாற்றத்தில் ஒரு நன்மை இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கானது அல்ல. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 விழுக்காடு, சுத்திகரிக்காததற்கு 16.5 விழுக்காடு என்று இடைவெளி அகன்றதால், துறைமுகத்தை ஒட்டிய நம் நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலை கிடைத்தது. இதனிடையே நேபாளத்தின் வழியாக, தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தப்படி வரியே இல்லாமல், சோயா எண்ணெய் வந்துகொண்டிருந்தது. அந்த அளவுக்கு நேபாளத்தில் சோயா விளைவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆதரவு விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-26க்கு நிலக்கடலைக் காய் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், எள் 9,846 ரூபாய் என்று அறிவித்தார்கள். தாளில் நல்ல விலை. ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோல் ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் கடலைக்கு இல்லை. பெரும் கொள்முதல் குஜராத், ராஜஸ்தான் பக்கமே நடக்கிறது. நம் பக்கத்து உழவருக்கு அந்த எண் பேரம் பேச ஒரு பிடி, அவ்வளவே. கொங்கணாபுரம் போன்ற இடங்களில் நடக்கும் கூட்டுறவு ஏலத்தில் நாலு வியாபாரி போட்டி போடுவதால் கிடைக்கும் பலன், பல நேரங்களில் அறிவித்த விலையைவிடக் கண்ணுக்குத் தெரியக்கூடியது.

‘ரேஷனில் பாமாயிலை நிறுத்திக் கடலை எண்ணெய் கொடுத்தால் எங்களுக்கு விடிந்துவிடும்’ என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. தென்னை விவசாயிகளும் தேங்காய் எண்ணெய்க்காக இதையே கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் தரப்படுகிறது. இப்போது அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய். அட்டைகள் இரண்டு கோடிக்கும் மேல். அட்டைக்கு ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்கு 24 கோடி லிட்டர். அதைக் கடலை எண்ணெயாகத் தர 6 லட்சம் டன் பருப்பு வேண்டும். காயாகச் சொன்னால் ஏறத்தாழ 8.5 லட்சம் டன். தமிழ்நாட்டில் நல்ல ஆண்டுகளில் விளையும் கடலையே 10 லட்சம் டன்னை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியானால் விதைக்கு எங்கே போவது, கடலை மிட்டாய்க்கு எங்கே போவது, வறுகடலைக்கு எங்கே போவது? கடலை விலை வானத்துக்கு ஏறும், அரசின் மானியச் செலவும் அதோடு ஏறும், முதல் நிதி நெருக்கடியில் திட்டம் நின்றுவிடும். முழு மாற்றம் நடக்காத காரியம். மாவட்ட அளவில், தீபாவளி, பொங்கல் மாதங்களில் மட்டும், உள்ளூர்க் கூட்டுறவுச் செக்குகளின் எண்ணெயை அரை லிட்டர் தருவது என்றால் நடக்கும். அதைக் கேட்பதில் பொருள் இருக்கிறது.

உற்பத்தியைப் பேசுபவர்கள் நுகர்வைப் பேசுவதில்லை. மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் கணக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ எண்ணெய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போதும் என்று சொல்வது 12 கிலோவை ஒட்டிய அளவு. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 19.7 கிலோ என்பது மாதம் ஏழு லிட்டருக்கும் மேல். எங்கள் வீட்டில் நாலு லிட்டர் தாண்டுவதில்லையே என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். மீதியை அவர்கள் வெளியே சாப்பிடுகிறார்கள். சேலத்தில் மாலை ஆறு மணிக்குத் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டியைப் பாருங்கள்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், சட்னி. துருவலைத்தான் நாம் பார்க்கிறோம். தட்டுவடை பொரிந்து வந்த எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை. ஏற்காடு ஏரிக்கரையில் பனியில் நின்று தின்னும் மிளகாய் பஜ்ஜி, பேக்கரி பப்ஸ், மிக்சர், பிஸ்கட், உடனடி நூடுல்ஸ் எல்லாவற்றிலும் பாமாயில் இருக்கிறது. வணிக அடுப்பில் அதற்கு நியாயமான காரணமும் உண்டு. அதிகச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் சிக்குப் பிடிக்காது, பலகாரம் நாள்பட இருந்தாலும் காறாது. ஆகவே வீட்டில் செக்கு எண்ணெய்க்கு மாறினோம் என்பதால் நாட்டின் பாமாயில் இறக்குமதி குறைந்துவிடாது. இதைச் சொன்னால் செக்கு ஆர்வலர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ குறைந்தால் நாட்டுக்கு 28 லட்சம் டன் மிச்சம். எந்த இயக்கமும் அதைவிட மலிவாக அந்த எண்ணெயைத் தராது.

அரசின் வழி வேறு. 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைக்கு ஓர் இயக்கம் அறிவித்தார்கள். உலக விலை சரிந்தாலும் பனை உழவருக்கு விலை இடைவெளியை அரசு ஈடு செய்யும் என்ற உறுதியும் அதில் இருக்கிறது. 2024 அக்டோபரில் மற்ற எண்ணெய் வித்துக்களுக்கு 10,103 கோடியில் இன்னோர் இயக்கம். 2022-23இல் 390 லட்சம் டன்னாக இருந்த வித்து உற்பத்தியை 2030-31க்குள் 697 லட்சம் டன்னாக்குவது இலக்கு. எனக்கு அந்த இலக்கில் நம்பிக்கை குறைவு. பனைக்குக் கிடைத்த விலை உறுதி கடலைக்கும் எள்ளுக்கும் இல்லை என்பதே என் முதல் குறை. எண்ணெய்ப்பனை ஆந்திரா, தெலங்கானாவின் கால்வாய்ப் பாசனத்தில் வரலாம். ஏக்கருக்கு 57 மரம், கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால், ஆயிரம் அடி போர் போட்டும் புகை வரும் மேச்சேரி, ஓமலூர், தாரமங்கலம் பக்கம் அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

புது நிலம் கேட்காமல் கிடைக்கும் எண்ணெயும் இருக்கிறது. தவிட்டெண்ணெய் அப்படிப்பட்டது. நெல் எப்படியும் அரைபடுகிறது. தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய். ஆலையிலிருந்து வந்த தவிட்டை உடனே பக்குவப்படுத்தாவிட்டால் கெட்டுவிடும் என்பதால் சிறிய ஆலைகளின் தவிடு இன்றும் தீவனமாகவே போகிறது. அங்கும் புண்ணாக்குக் கதைதான்: எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதியை 2023 ஜூலையில் தடை செய்ததும் தவிடு பிழியும் ஆலைகளின் வருமானத்தில் ஒரு கால் ஒடிந்தது. பருத்திக்கொட்டையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் நம் பக்கம் அதை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு ஊற்றிவிடுகிறோம், பாலில் கொழுப்பாகத் திரும்பி வருகிறது. அதை வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆமணக்கைப் பற்றி ஒரு சொல். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கு அங்கிருந்து வந்ததுதான். சமையலுக்கு ஆகாத இந்த எண்ணெயில் உலக ஏற்றுமதியின் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் குஜராத்துடையது. மஞ்சள் வயலின் ஓரத்தில் பத்துச் செடி என்று நிற்கும் இந்தப் பயிருக்குப் பாமாயில் போட்டியே இல்லை. ஆள் கூலியும் கடலையை ஒப்பிடக் குறைவு. மூன்று ஏக்கரில் கடலையை முழுவதும் கைவிடாமல் வரப்போரத்திலாவது வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாகச் செக்கு. மகன் செக்கு வைக்கட்டும், ஆனால் எண்ணெய் விற்பதற்கு முன் புண்ணாக்கு விற்க வழி பார்க்கட்டும். மரச்செக்கில் எண்ணெய் முழுவதும் இறங்காது. இயந்திரத்தில் அழுத்திப் பிழியும் பெரிய எக்ஸ்பெல்லர் ஆலையில் இறங்குவதைவிடக் குறைவாகவே இறங்கும், வேதிக் கரைப்பானால் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் ஆலையோடு ஒப்பிடவே முடியாது. அந்த மிச்ச எண்ணெய் புண்ணாக்கில் நிற்பதால் செக்குப் புண்ணாக்குக்கு மாட்டுக்காரர்களிடம் தனி மதிப்பு உண்டு. சுற்று வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் வாரந்தோறும் எடுத்துக்கொள்வார்கள் என்று உறுதியானால் தொழில் நிற்கும். புண்ணாக்கு மூட்டை அடுக்கிக் கிடந்து பூச்சி விழுந்தால் எண்ணெய் லாபம் அத்தனையும் அதில் போகும்.

அடுத்து, சொந்தக் காயை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று ஏக்கர் காய் இரண்டு, மூன்று மாத ஓட்டத்துக்கு மேல் வராது. மீதி மாதங்களில் பருப்பை வெளியே வாங்கித்தான் ஆட்ட வேண்டும், அப்போது நீங்களும் குஜராத் விலைக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆகவே ஊரார் கொண்டுவரும் கடலை, எள், கொப்பரையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பதை அடிப்படை வருமானமாக வைத்துக்கொள்வது நல்லது. விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி கூலியே. எள் ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டியை அவர்களே கொண்டுவருவார்கள், ஆட்டியதைக் கண்முன் அளந்து வாங்கிப் போவார்கள், கலப்படச் சந்தேகமும் எழாது. பாட்டிலில் விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், எண்ணெயை உதிரியாக அளந்து விற்கச் சட்டம் இடம் தராது, பாட்டிலில் ஒட்டும் சீட்டில் அளவை எடையிலும் போட வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராமை ஒட்டியே இருக்கும், ஒரு கிலோ இருக்காது. எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, கசண்டை நீக்கிய பிறகே அடைக்க வேண்டும். அந்தக் கசண்டை விளக்குக்கு வாங்கிப் போகவும் ஆள் இருக்கிறார்கள். அதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.